டிரம்கள் நின்ற ஞாயிற்றுக்கிழமை

வெள்ளிக்கிழமைகளில் டிரம்கள் ஓடாததால்தான் எங்கள் வீட்டு இணையம் வேகமாக இருக்கிறது என்று நாங்கள் நால்வரும் நம்பினோம். அப்பா, அம்மா, தம்பி, நான். இதை யாரும் சோதித்துப் பார்த்ததில்லை. எங்கள் வீட்டில் அது மெல்ல நிலைபெற்றுவிட்ட ஓர் உண்மை.

ஆம்பூரில் நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டின் பின்சுவரும் தோல் பதனிடும் டேனரி ஒன்றின் சுற்றுச்சுவரும் ஒன்றே. சுவருக்கு அந்தப் பக்கம் டிரம் யார்டு. தோலையும் மருந்துத் தண்ணீரையும் உள்ளே போட்டுச் சுழற்றுகிற மரப் பீப்பாய்களைத்தான் டிரம் என்பார்கள். ஒவ்வொன்றும் எங்கள் சமையலறை அளவு இருக்கும். மோட்டாரைப் போட்டதும் எங்கள் வீட்டு டியூப் லைட் ஒருமுறை சோர்ந்து எழும். அலமாரியில் கவிழ்த்த எவர்சில்வர் டம்ளர்கள் ஒன்றோடொன்று மெல்ல உரசத் தொடங்கும். அந்த உரசல் நாள் முழுதும் இருந்ததால் அது எங்களுக்குக் கேட்பதில்லை. வெள்ளிக்கிழமைகளில் மட்டும், அது இல்லாததால், கேட்டது.

டேனரி முதலாளி முஸ்லிம். ஆகவே வார விடுமுறை வெள்ளி. ஞாயிறு வேலை நாள். டிரம் மேஸ்திரியான அப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் விடியற்கால ஆராதனைக்குப் போய்விட்டு, பைபிளை என் கையில் கொடுத்துவிட்டு, சர்ச் வாசலிலிருந்து நேராக வேலைக்குப் போவார். மற்ற கிறிஸ்தவக் குடும்பங்களின் ஞாயிறு எங்களுக்கு வெள்ளியன்று வந்தது. கறி எடுப்பதும், துணி துவைப்பதும், சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவதும் அன்றுதான்.

அந்த வெள்ளிகளில் ஒன்றில்தான் தம்பி அதைக் கண்டுபிடித்தான். வேலூரில் பொறியியல் முடித்துவிட்டு நேர்முகத் தேர்வு அழைப்புகளுக்காகக் காத்திருந்தான். டெலிபோன் கம்பி வழியாகவே பிராட்பேண்ட் வரத் தொடங்கியிருந்த காலம் அது. சென்னையில் இருவர், கோவையில் ஒருவர், வேலூரில் ஒருவர், இவன் என்று ஐந்து பேர் ஓர் அணியாகச் சேர்ந்து, இடிந்த நகரம் ஒன்றில் எதிரணியைச் சுட்டு வீழ்த்தும் ஆட்டத்தை ஆடினார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. ஆட்டம் நடக்கும் கணினி எங்கோ மும்பையில் இருந்தது. இங்கிருந்து கிளம்பும் சிறு செய்தி அதைத் தொட்டுத் திரும்ப எடுத்துக்கொள்ளும் நேரத்துக்குப் பிங் என்று பெயர். ஒரு விநாடியை ஆயிரமாகப் பிரித்து அதைச் சொல்வார்கள். எழுபது, எண்பது என்றால் நல்லது. இருநூறைத் தாண்டினால், இவன் எதிரியைப் பார்ப்பதற்குள் எதிரி இவனைக் கொன்றிருப்பான்.

ஆட்டத்துக்கு முன் திரையில் கறுப்புச் சன்னல் ஒன்றைத் திறந்து ஒரு வரியைத் தட்டினால் வெள்ளை எண்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக விழும். அவற்றைப் படித்துச் சொல்வது என் பொறுப்பாக இருந்தது. அப்போது நான் வாணியம்பாடியில் ஒரு கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். மாலைகளில் விடைத்தாள் கட்டுகளோடு அவன் அருகில் உட்காருவேன். அவன் ஹெட்போனின் சிக்கலை அவிழ்த்துக்கொண்டிருக்கும்போது நான் எண்களைச் சொல்வேன். அவற்றில் எனக்கு ஆர்வம் இருந்ததாகச் சொல்ல முடியாது. ஆனால் வேலையில்லாமல் வீட்டில் இருக்கும் ஒருவன் நாளில் ஒருமுறை முதுகை நிமிர்த்தி உட்காருவதைப் பார்க்க எனக்குப் பிடித்திருந்தது.

மற்ற நாட்களில் இருநூறு, இருநூற்று முப்பது. வெள்ளியன்று எழுபது. சில வாரங்கள் இப்படியே பார்த்துவிட்டு அவன் வீட்டாரிடம் சொன்னான். அப்பா சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலை தூக்காமலே பதில் சொன்னார்.

"வெள்ளிக்கெழம டிரம் ஓடாதில்ல."

எங்கள் டெலிபோன் கம்பி டேனரிச் சுவரை ஒட்டி, மோட்டார் கொட்டகையின் மேலாகத்தான் வந்தது. டியூப் லைட்டையே தடுமாற வைக்கிற மோட்டார் அந்த மெல்லிய கம்பியை விட்டுவைக்குமா? பழுது பார்க்க வந்த லைன்மேனிடம் கேட்டபோது அவரும், "இருக்கலாம், மோட்டார் பக்கத்துல போனா தொந்தரவு ஜாஸ்திதான்" என்றார். அதற்குப் பிறகு யாருக்கும் சந்தேகம் இல்லை.

மருத்துவமனை டியூட்டி முடிந்து வந்த அம்மா, நர்ஸ் புடவையின் மடிப்பைப் பிரித்துக்கொண்டே சிரித்தாள். "செத்த மாடு கூட ஒன்ன விட மாட்டேங்குதுடா. தோலா வந்து முட்டுது."

"நீ சிரிம்மா. எனக்குதான் பேஜாரு."

அப்பாவுக்கு ஆட்டம் புரியாது. அதில் யார் யாரை ஏன் சுடுகிறார்கள் என்று அவர் கேட்டதே இல்லை. எண் மட்டும் அவருக்குப் புரிந்தது. மாலையில் வீடு திரும்பி, முழங்கால் வரை, தோல் பதனிடும் குரோம் மருந்தின் நீலம் ஏறிய கால்களைத் தேய்த்துக் கழுவிக்கொண்டே பின்கட்டிலிருந்து குரல் கொடுப்பார்.

"எத்தினி?"

"எறநூத்திப் பத்துப்பா."

"அடப்பாவமே."

வெள்ளியன்று எழுபது என்று கேட்டால் அவர் முகம் மாறும். தன் கையால் எதையோ கொடுத்தவருடைய திருப்தி அதில் இருக்கும். வேலை தேடும் மகனுக்குத் தர அவரிடம் வேறு எதுவும் இருக்கவில்லை. டேனரி வேலை வேண்டாம் என்று தம்பி முன்பே சொல்லியிருந்தான். அப்பாவும் அதையேதான் விரும்பினார்.

ஆட்டக்காரர்களுக்கான ஒரு போட்டி அறிவிக்கப்பட்டது. இணையத்தின் வழியே தகுதிச் சுற்று. வென்றால் மும்பைக்கு அழைத்துப்போய் மேடையில் உட்காரவைத்து ஆடச் சொல்வார்கள். தம்பியின் அணிக்கு ஒதுக்கப்பட்டது ஒரு ஞாயிறு மாலை நான்கு மணி. அவன் அந்தக் கிழமையைக் கேட்டதும் நாற்காலியில் சாய்ந்துவிட்டான்.

"ஞாயித்துக்கெழமையாம்க்கா. எல்லாருக்கும் லீவு நாளாம். நமக்கு மட்டும் டிரம்மு."

வேறு எங்காவது போய் ஆடலாமே என்று நான் கேட்டேன். கடைத்தெரு பிரவுசிங் சென்டரில் அந்த ஆட்டத்தைப் போட விடமாட்டார்கள் என்றான். அப்பா அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். 

அந்த ஞாயிறன்று மூன்றே முக்காலுக்கு நான் கறுப்புச் சன்னலைத் திறந்தேன். இருநூற்றுப் பன்னிரண்டு, இருநூற்று இருபது. தம்பி தலையாட்டிவிட்டு ஹெட்போனை மாட்டினான். நான்கு மணிக்குச் சற்று முன் அலமாரி டம்ளர்களின் உரசல் நின்றது. அந்தத் திடீர் நிசப்தத்தில் நான் விடைத்தாளிலிருந்து நிமிர்ந்தேன். டேனரிக்கு வரும் மின்சாரத்தில் ஏதோ பழுது என்று நினைத்தேன். ஆனால் தம்பியின் திரையில் எதுவும் சீராகவில்லை. அவன் ஓடினான், திரையில் அவன் உருவம் நின்ற இடத்திலேயே நின்று, பிறகு சட்டென்று வேறிடத்துக்குத் தாவி, அங்கே விழுந்தது. அணியினர் பெயர் சொல்லி அழைத்துக்கொள்வதில்லை. இவனை ஊரின் பெயரால் அழைத்தார்கள். ஹெட்போனுக்கு வெளியேயும் அவர்களுடைய கத்தல் கேட்டது.

"டேய் ஆம்பூர், இன்னாடா பண்றே, செவுத்தப் பாத்துட்டு நிக்கிறே!"

"பிரியாணி துன்ட்டு தூங்குறான் மச்சி."

"லேக்குடா, லேக்கு" என்று, இணையம் தாமதிப்பதைச் சொல்லி இவன் மன்றாடிக்கொண்டிருந்தான். அணி தோற்றது. அவர்கள் ஒருவர்பின் ஒருவராக வெளியேறினார்கள். இவன் ஹெட்போனைக் கழற்றவே இல்லை. அதில் இனிக் கேட்க ஒன்றும் இல்லாதபோதும்.

அப்பா ஆறு மணிக்கு வந்தார். அன்று கால்களைக்கூடக் கழுவவில்லை. செருப்பை வாசலில் விட்டுவிட்டு நேராகக் கணினி அறைக்கு வந்து நின்றார்.

"இன்னாடா, நாலு மணிக்கு நெட்டு எப்பிடி இருந்துச்சு?"

தம்பி திரும்பினான். இருநூறுக்குக் கீழே இறங்கவே இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான். அது எனக்குத் தெரியும்; ஆட்டம் முடிந்ததிலிருந்து அவன் அதைத்தான் என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தான். அதற்குள் அப்பா முந்திக்கொண்டார்.

"நம்ம செவுத்தோரம் இருக்குதே மூணு டிரம்மு, மூணையும் நிறுத்திட்டேன். அஞ்சு மணி வரைக்கும் போடவே இல்ல."

அவர் சிரித்துக்கொண்டிருந்தார். சட்டையின் முன்பக்கம் குரோம் தண்ணீர் தெறித்து நீலநிறப் புள்ளிகள். தம்பி அவரையே பார்த்தான். என்னை ஒருமுறை பார்த்தான்.

"எழுவதுப்பா" என்றான். "வெள்ளிக்கெழம மாதிரியே இருந்துச்சு."

"அப்ப ஜெயிச்சிட்டியா?"

"இல்லப்பா. அவனுங்க நல்லா ஆடுனானுங்க. நாங்கதான் சொதப்பிட்டோம்."

அப்பா அவன் தோளைத் தட்டினார். "போவுது வுடு. நெட்டு மேல பழி போடாம தோத்தே இல்ல, அது போதும்." பிறகு கால் கழுவப் போனார்.

தோல் வேலையில் டிரம்மை நிறுத்தக் கூடாத வேளை ஒன்று உண்டு. குரோம் மருந்து தோலுக்குள் ஏறிய பிறகு, அது அங்கேயே பிடித்துக்கொள்வதற்காகச் சோடா உப்புக் கரைத்த தண்ணீரைச் சிறிது சிறிதாக விடுவார்கள். அப்போது டிரம் நின்றால், கலவை மடிப்புகளில் தேங்கித் தோலில் பச்சைத் திட்டுகள் விழும். பிறகு எந்தச் சாயத்தாலும் அவற்றை மறைக்க முடியாது. சுவரோரம் இருந்த மூன்று டிரம்களில் ஒன்று அன்று அந்த நிலையில் இருந்திருக்கிறது.

மறுநாள் தோலை வெளியே எடுத்தார்கள். அன்று மாலை முதலாளியே எங்கள் வீட்டுக்கு வந்தார். அதற்கு முன் அவர் வந்தது கிறிஸ்துமஸ் நாட்களில் மட்டும்தான். அம்மா நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். அவர் உட்காரவில்லை.

"மேஸ்திரி, மோட்டார்ல ஏதாச்சும் கோளாறா? சொல்லுங்க. எலக்ட்ரீஷியனைக் கூப்ட்டு கேக்குறேன்."

"மோட்டார் நல்லாத்தான் சாப் இருந்துச்சு. நான்தான் நிறுத்துனேன்."

"எதுக்கு?"

"பெல்ட்டப் பாக்கலாம்னு நிறுத்துனேன். திரும்பப் போட மறந்துட்டேன்."

"நீங்களா? மறந்தீங்களா?"

"மறந்துட்டேன் சாப்."

முதலாளி நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். அப்பா சொன்னது பொய் என்று அவருக்குத் தோன்றியிருக்கலாம். ஆனால் என்ன பொய் என்று ஊகிக்க அவருக்கு வழியில்லை. கடைசியில், "வயசாவுது மேஸ்திரி. ஒங்களுக்கு மட்டுமில்ல, எனக்குந்தான். கொஞ்ச நாள் கேட்டுல உக்காருங்க. யார்டு சின்னவங்க பாத்துக்கட்டும்" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நல்லது என்று அம்மா பிற்பாடு சொன்னாள்.

அப்பா கேட்டுக்குப் போனார். உள்ளே வரும் லாரிகளுக்கு இரும்புக் கதவைத் திறந்துவிட்டு, போன பின் மூடுவது. மறதி வந்துவிட்ட மேஸ்திரி என்று யார்டில் பேசிக்கொண்டார்கள். அந்தப் பேச்சு சர்ச் வரைக்கும் வந்தது. சபையார் அவரிடம் தணிந்த குரலில், ஒவ்வொரு சொல்லையும் நிறுத்திப் பேசத் தொடங்கினார்கள். அவர் அதைத் திருத்தவில்லை. அவர் கால்களில் இருந்த நீலம் சில வாரங்களில் மறைந்துவிட்டது.

ஒருநாள் நான் அவரிடம் கேட்டேன். அந்த ஒரு டிரம்மில் சோடா விட்டிருந்தது அவருக்குத் தெரியாதா?

"தெரியும்மா. நான்தானே விடச் சொன்னேன்."

"அதை மட்டும் ஓட விட்டிருக்கலாமே அப்பா."

"ரெண்டு நின்னு ஒண்ணு ஓடுனா இன்னா பிரயோஜனம்?" என்றார். அதில் அவருக்குச் சங்கடம் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. கணக்கு அவரளவில் சரியாக இருந்தது. மகன் தோற்றான், ஆனால் எழுபதில் தோற்றான்.

தம்பி ஆடுவதை விட்டுவிட்டான். பிங் பார்ப்பதை மட்டும் விடவில்லை. மாலையில் அப்பா கேட்டுக்காவல் முடிந்து வந்து "எத்தினி?" என்று கேட்பார், அவனிடம் ஓர் எண் தயாராக இருக்கும். டிரம் ஓடும் நாளில் இருநூறு, வெள்ளியில் எழுபது. அவை உண்மையான எண்களே. அந்த ஒரு ஞாயிற்றைப் பற்றி மட்டும் அவனும் நானும் தனியாக இருக்கும்போதும் பேசிக்கொண்டதில்லை. ஒரே ஒருமுறை அவன், "மூணுதான நின்னுச்சு? மொத்தமும் நின்னிருந்தா கொறஞ்சிருக்கும்க்கா" என்றான். நான் ஆமாம் என்றேன். அப்படி எண்ணிக்கொள்ள அப்போது எங்களுக்கு இடமிருந்தது.

அடுத்த ஆண்டு அதுவும் இல்லாமல் போயிற்று. கழிவுநீர் பற்றிய ஓர் உத்தரவால் எங்கள் பகுதி டேனரிகளைச் சில வாரங்கள் மூடிவைத்தார்கள். ஒரு திங்கட்கிழமை காலை ஊர் முழுதும் டிரம்கள் நின்றன. மோட்டார் சத்தம் எத்திசையிலும் இல்லை. தம்பி கணினியைப் போட்டான். நான் படிக்கவில்லை, இருவரும் பார்த்தோம். இருநூற்று முப்பது. இருநூற்று நாற்பத்தைந்து. மாலையிலும் அதுவே. மறுநாளும் அதுவே. வெள்ளியன்று எழுபது.

சனிக்கிழமை மறுபடி இருநூற்று முப்பது காட்டியபோது அவன் அதை எனக்கு மெதுவாக விளக்கினான். "வெள்ளிக்கெழம நம்ம ஊர்ல தோல் கம்பெனி ஆபீஸ், தோல் மண்டி எல்லாத்துக்கும் லீவுக்கா. லைன்ல கூட்டம் கம்மி. அவ்ளோதான். இப்ப டிரம்முதான் நின்னுருக்கு, ஆபீஸ் எல்லாம் நடக்குது." சற்றுப் பொறுத்து, "டிரம்முக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல" என்றான்.

பின்கட்டில் அப்பா முகம் கழுவும் சத்தம் கேட்டது. டேனரி மூடியிருந்ததால் அவர் வீட்டில் இருந்தார்; வேலை முடிந்து வரும் மாலை இல்லாததால் அந்த வாரம் எண்ணை விசாரிக்கவும் இல்லை. அதுவரை எண்ணைக் காதால் கேட்டவர், முதல்முறையாகத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே எங்கள் பின்னால் வந்து நின்றார்.

"மொத்த டிரம்மும் நின்னுடுச்சே. இப்ப பாரு, எத்தினி காட்டுது?"

தம்பியின் விரல்கள் விசைப்பலகை மேல் நின்றன. பிறகு அவன் ஒரு வரியைத் தட்டினான். அது வழக்கமான முகவரி இல்லை என்று எனக்கு உடனே தெரிந்தது. அது மிகவும் சிறியதாக இருந்தது. மும்பையைக் கேட்பதற்குப் பதிலாக, மேசைமேல் அவன் முழங்கைக்குப் பக்கத்தில் மினுக்கிக்கொண்டிருந்த மோடத்தையே கேட்டிருந்தான். ஒரு முழக் கம்பிக்கு அந்தப் பக்கத்திலிருந்து பதில் வந்தது. ஒன்று. ஒன்று. ஒன்று. ஒன்று.

அப்பா மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்தார்.

"ஒண்ணா? எழுவதுலேருந்து ஒண்ணா?"

"மொத்தமா நின்னுடுச்சில்லப்பா" என்றான் தம்பி. "அதான்."

அவர் மேலும் சில ஒன்றுகள் விழும்வரை பார்த்தார். "நான் அன்னிக்கே சொன்னனா இல்லியா?" என்றார். அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினார். அம்மா எட்டிப் பார்த்து, "அப்ப இந்த ஊர்ல ஒண்ணு தோல் இருக்கணும், இல்லாட்டி நெட்டு இருக்கணும்" என்று சொல்லிவிட்டுக் குக்கரை இறக்கப் போனாள். நான் விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். ஒரே தாளுக்கு இருமுறை மதிப்பெண் போட்டிருந்ததைப் பிறகுதான் கவனித்தேன்.

டேனரி மூடியிருந்த நாள்கள் முழுதும் அந்த ஒன்று எங்கள் வீட்டில் இருந்தது. அப்பா அதைச் சர்ச்சில் சொன்னார். தன்னோடு கேட்டில் உட்காருகிறவரிடம் சொன்னார். மறதி பற்றி யாராவது குத்தலாகப் பேசினால் முன்னைவிட எளிதாகக் கேட்டுக்கொண்டார். டிரம்கள் மீண்டும் ஓடத் தொடங்கியபோது, "இனிமே ஏறிடும்" என்று தம்பியிடம் வருத்தத்தோடு சொன்னார்.

தம்பிக்கு முதலில் பெங்களூரில் வேலை கிடைத்தது. போகும்போது கணினியை எடுத்துப்போகவில்லை. பிறகு வெளிநாடு சென்றான். போனில் அப்பா பிங்கைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. சாப்பாட்டைப் பற்றிக் கேட்டார். கேட்டிலேயே வேலைக்காலம் முடிந்து, அதன்பின் சில ஆண்டுகள் வீட்டில் இருந்து, ஒரு மழைக்காலத்தில் காலமானார். தம்பி வந்து சேரும்வரை உடலை வைத்திருந்தோம்.

கல்லறைத் தோட்டத்துக்கு முதலாளியும் வந்தார். மிகவும் தளர்ந்திருந்தார். மண் தள்ளி முடிந்த பிறகு, தம்பியைச் சற்றுத் தள்ளி அழைத்துப்போனார். நான் அருகில்தான் நின்றேன்.

"ஒங்க அப்பா அந்த டிரம்ம மறந்தாருன்னு நான் இன்னிக்கி வரைக்கும் நம்பல தம்பி. ஒங்களுக்காச்சும் தெரியுமா, ஏன் நிறுத்துனாருன்னு?"

தம்பி ஈரமண் ஒட்டிய தன் கைகளைப் பார்த்துக்கொண்டு நின்றான். சொல்லியிருக்கலாம். சொன்னால் அப்பாவின் பெயரிலிருந்து மறதி நீங்கியிருக்கும். ஆனால் காரணத்தைச் சொன்னால், அது பயன்பட்டதா என்ற அடுத்த கேள்வி வரும். அம்மா நான்கடி தூரத்தில் நின்றிருந்தாள்.

"மறந்துதான் போய்ட்டாரு சாப்" என்றான்.

முதலாளி அவன் கையை இரு கைகளாலும் பற்றிவிட்டுப் போனார். தம்பி அந்த வாரமே திரும்பிப் போனான். இப்போது வருடத்துக்கு ஒருமுறை வருகிறான். சில வருடங்களில் வருவதில்லை. அந்த ஞாயிறன்று அப்பா மகனுக்கு எழுபதைக் கொடுத்தார் என்றே அம்மா எண்ணிக்கொண்டிருக்கிறாள். வீட்டில் அவளும் நானும் இருக்கிறோம்.